புரியாத வரியைத் தாண்டிப் போ

சங்கு அலறியது.

ஜெசிந்தா எழுந்த வேகத்தில் மேசை மேலிருந்த தேநீர்க் கோப்பை உருண்டு தரையில் விழுந்து உடைந்தது. கட்டுப்பாட்டு அறையிலிருந்த மூன்று பேரில் ஒருவர்கூட அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் சுவரில் இருந்த பெரிய திரையில் இருந்தது.

'மதிலுக்கு வெளியே யாரும் இல்லை. கதவு மூடப்படுகிறது.'

பச்சை எழுத்துகள். நிதானமான, நல்ல சேதி சொல்கிற பச்சை.

"அதுக்குள்ளயா?" என்றாள் ஜெசிந்தா.

"நல்லதுதானேம்மா," என்றார் கோமதிநாயகம். மதில் வாரியத்தின் தலைமைப் பொறியாளர். புயல் நாளிலும் சட்டை கசங்காமல் வருகிற மனிதர். "போன புயலுக்கு ஒன்றரை மணி நேரம் இழுத்துச்சு. இப்ப அரை மணியில முடிஞ்சிருக்கு. உங்க குப்பத்து சனம் திருந்திட்டாங்கன்னு வச்சுக்க."

"எங்க சனமா? கோழியையும் குழம்புச் சட்டியையும் தூக்காம வண்டியில கால் வைக்க மாட்டாங்க சார். அரை மணியில கோழியே அம்புடாது."

நீர்மட்டக் கருவிகளின் முன்னால் உட்கார்ந்திருந்த நல்லபெருமாள் சிரித்தான். ஜெசிந்தா சிரிக்கவில்லை.

முத்துக்கரையில் கடல் மூன்று தெருக்களை விழுங்கிய பிறகு கட்டிய மதில் அது. உள்ளே எண்பதாயிரம் பேர். வெளியே, அலைவாய்க்குப்பத்தில், அறுநூறு பேருக்குக் கொஞ்சம் மேல். அவர்களை உள்ளே வந்து குடியிருக்கச் சொல்லி வாரியம் எத்தனையோ தடவை அழைத்துப் பார்த்தது. 'வள்ளத்தை எங்கே கட்டுவது, உங்கள் வீட்டுக் கட்டில் காலிலா?' என்று கேட்டுவிட்டு அவர்கள் கடலோரத்திலேயே இருந்துகொண்டார்கள்.

அதனால் ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது. குப்பத்தில் பிறந்த குழந்தை முதல் எல்லார் உடம்பிலும் ஒரு நாடிப்பட்டை. அது இதயத் துடிப்பை மதிலுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். புயல் வந்தால் வாரியத்தின் இயந்திரம் தரவுத்தளத்திடம் ஒரே ஒரு கேள்வி கேட்கும்: மதிலுக்கு வெளியே துடிப்பு உள்ளவர்கள் யார் யார்? பதிலில் ஒவ்வொரு வரியாக எடுத்துப் படித்து, அந்தப் பெயரை வண்டிகளுக்கு அனுப்பும். ஓட்டுநர் இல்லாத வண்டிகள் தெருத் தெருவாகப் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிடும். கூப்பிட்டவர் பட்டையைக் காட்டினால்தான் வண்டிக் கதவு திறக்கும். பெயர் கூப்பிடாமல் யாரும் வாசலைவிட்டு இறங்கக் கூடாது. முதல் புயலில் முண்டியடித்து ஏறப் போய் ஏழு பேர் நசுங்கிச் செத்த பிறகு வந்த விதி. வாரியத்தின் வேறெந்த விதியையும் மதிக்காத குப்பம் இந்த ஒன்றை மட்டும் மதித்தது. அந்த ஏழு பேரும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள்.

வரிகள் தீர்ந்ததும் கதவு மூடும். ஒரு தடவை மூடிவிட்டால் கடல் இறங்கும்வரை யார் நினைத்தாலும் திறக்காது.

ஒலிபெருக்கி கரகரத்தது. ராயப்பன். வண்டி வரிசையோடு போகும் ஒரே மனிதன்.

"யக்கா, வண்டிக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா? எல்லாம் திரும்புது. முக்கால்வாசி சீட்டு காலியாக் கெடக்கு."

"வெளியே யாரும் இல்லேன்னு காட்டுது ராயப்பா."

"யாரும் இல்லியா? எங் கண்ணு முன்னால வலைக்காரத் தெரு முழுக்க வாசல்ல நிக்கி. கைப்புள்ளையோட நிக்காங்க. எங்க பேரக் கூப்பிடலியேன்னு கேக்காங்க. என்ன சொல்லட்டும்? நீங்கல்லாம் இல்லவே இல்லையாம், உள்ள போய்ப் படுங்கன்னு சொல்லட்டா?"

ஜெசிந்தா ஒரே எட்டில் மஞ்சள் கைப்பிடியை எட்டிப் பிடித்துக் கீழே இழுத்தாள். சங்கு பாதியில் தொண்டை அடைத்துக்கொண்டது. நகரத்தின் கிழக்கே, நகரத் தொடங்கியிருந்த இரும்புக் கதவு ஒரு உறுமலோடு நின்றது.

"என்ன காரியம்மா பண்ற!" கோமதிநாயகத்தின் முகம் சிவந்தது. "மூடுற கதவை நிறுத்துறதுக்கு உனக்கு யாரு அதிகாரம் கொடுத்தா?"

"பணியில இருக்கற பொறியாளர் ஒரு தடவை நிறுத்தலாம் சார். உங்க விதிதான்." அவள் விரல்கள் விசைப்பலகையில் ஓடிக்கொண்டிருந்தன. "பெருமாள், தண்ணி எங்க நிக்கி?"

"சிவப்புக் கோட்டுக்கு ரெண்டு ஆள் உசரம் இருக்கு. பெரிய அலை வர்றதுக்கு எப்படியும் முக்கால் மணி ஆகும். கூடப் போனா ஒரு மணி."

இயந்திரம் எந்த வழியாகப் போனது என்று ஜெசிந்தா பின்னாலேயே நடந்து பார்த்தாள். முதல் வரி, இரண்டாவது, மூன்றாவது... சுறுசுறுப்பாகப் படித்துக்கொண்டே போயிருக்கிறது. இருநூற்றுப் பதினான்காவது பெயரை வண்டிக்கு அனுப்பியிருக்கிறது. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. 'முடிந்தது' என்று ஒரு சொல். அவ்வளவுதான்.

"சார், இங்க வந்து பாருங்க. அறுநூறு பேருக்கு மேல இருக்கற ஊர்ல இருநூத்திப் பதினாலோட நின்னுருக்கு. அடுத்த வரியில ஏதோ தடுக்கி விழுந்திருக்கு. விழுந்ததை யார்கிட்டயும் சொல்லாம, எல்லாம் முடிஞ்சுதுன்னு சொல்லிட்டுப் போய்ப் படுத்துடுச்சு."

"பிழை வந்தா சிவப்பு விளக்கு எரியணுமேம்மா. சங்கு வேற மாதிரி ஊதணும்."

"ஆரம்பத்துலயே பிழை வந்தா எரியும். கேள்வியே போய்ச் சேரலேன்னா, தரவுத்தளம் படுத்துட்டா, எரியும். பாதி வழியில வந்தா எரியாது. அதை மட்டும் முடிஞ்சதா எடுத்துக்கச் சொல்லி யாரோ மாத்தி வச்சிருக்காங்க."

கோமதிநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லு," என்றார் கடைசியில். ஆனால் அவருக்கு ஏற்கெனவே புரிந்துவிட்டது என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது.

"ரேஷன் கடை சார். கடைக்காரர் ஒவ்வொரு கார்டா வாங்கிப் பேரு படிக்கிறார். நடுவுல ஒரு கார்டு தண்ணி பட்டு அழிஞ்சு கெடக்கு. அவர் என்ன பண்ணணும்? இந்தக் கார்டு புரியலன்னு சத்தமாச் சொல்லணும். இல்லியா, அதைத் தள்ளி வச்சுட்டு அடுத்த ஆளைக் கூப்பிடணும். நம்ம கடைக்காரர் என்ன பண்ணுறார்னா, ஷட்டரை இழுத்துப் பூட்டிட்டு, எல்லாருக்கும் கொடுத்தாச்சுன்னு எழுதி ஒட்டிட்டு வீட்டுக்குப் போயிடுறார். வரிசையில நிக்கறவன் தெருவுலயே நிக்கான்."

"நான்தான் மாத்தச் சொன்னேன்."

நல்லபெருமாள் திரும்பிப் பார்த்தான்.

"ஒத்திகை நடந்த அன்னிக்கு," என்றார் கோமதிநாயகம். "அமைச்சர் வந்து உக்காந்திருக்காரு. எவனோ ஒருத்தன் பட்டையில பிறந்த தேதி தப்பு. அந்த ஒரு வரிக்காகக் கதவு பாதியில நின்னு போச்சு. மத்தியானம் வரைக்கும் மூடல. எண்பதாயிரம் பேர் உள்ள இருக்கும்போது நிஜப் புயல்ல அப்படி நின்னா என்ன ஆகும், யோசிச்சுப் பாரு. ஒரு வரிக்காக ஊரைக் காவு குடுக்க முடியாதுன்னு நினைச்சேன்."

"அதனால நானூறு பேரைக் குடுக்கலாம்னு நினைச்சீங்களா?"

"வாயை அளந்து பேசும்மா."

"தெரியலைங்கறதும் இல்லைங்கறதும் ஒண்ணா சார்?" அவள் குரல் உடைந்து மேலே போனது. "ஒருத்தரைப் பத்தி நமக்குத் தெரியலேன்னா அவங்க இல்லேன்னு ஆயிடுமா? ஒரே இயந்திரம், ஒரே பிழை. ஆரம்பத்துல வந்தா ஊரையே எழுப்புது, நடுவுல வந்தா மூச்சு விடாம இருக்கு. இதை நம்பி அங்க கைப்புள்ளையோட வாசல்ல நிக்காங்க!"

ஒலிபெருக்கி மறுபடி கரகரத்தது. "யக்கா, சண்டையெல்லாம் அப்புறம் வச்சிக்கிடுங்க. மைக்க அமத்தாமப் பேசுதீங்க. காத்து ஆளத் தூக்குது. ஒண்ணு இவங்க பேரக் கூப்பிடுங்க, இல்ல எங்கிட்ட ஒரு கோடாலியக் குடுங்க, வண்டிக் கதவ ஒடச்சு ஏத்துதேன்."

"அஞ்சு நிமிஷம் ராயப்பா."

இருநூற்றுப் பதினைந்தாவது வரியை அவள் திறந்தாள். அடைத்துக்கொண்டிருந்தது எதுவென்று அப்போதுதான் தெரிந்தது.

பெயர்: இன்னாசி. தாயார்: லூர்தம்மா. கலங்கரைத் தெரு. நிலை: இறந்தவர். துடிப்பு: ஐம்பத்தெட்டு.

"செத்தவனுக்கு எப்படிம்மா நாடி துடிக்குது?" என்றார் கோமதிநாயகம்.

"அதைத்தான் சார் இயந்திரமும் கேட்டிருக்கு. கேட்டுட்டு மயங்கி விழுந்திருக்கு." அவள் வரியின் பின்பக்கத்தைப் பார்த்தாள். "இன்னிக்குக் காலையிலதான் இறந்தவர்னு பதிஞ்சிருக்காங்க. கடலுக்குப் போய் மாசக்கணக்கா வராதவங்களை இனிமே வாரியமே இறந்ததா அறிவிக்கும்னு புது உத்தரவு வந்துச்சுல்லா? அதுல முதல் ஆள் இவன்."

"சரி, துடிப்பு?"

அதற்குப் பதில் ஜெசிந்தாவுக்குத் தெரியும். அந்த அறையில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

குப்பத்தில் கடலுக்குப் போகிறவன் நாடிப்பட்டையைக் கட்டிக்கொண்டு போவதில்லை. வலை இழுக்கும்போது கண்ணியில் மாட்டிக் கை போய்விடும். கழற்றி வீட்டில் வைத்தாலும் ஆகாது. துடிப்பு இல்லாத பட்டை ஊளையிடும். அந்தச் சத்தம் வீட்டுக்கு ஆகாது என்று பெண்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். அதனால் புறப்படும்போது அவன் தன் பட்டையை மனைவி காலிலோ தாயார் காலிலோ கட்டிவிட்டுப் போவான். அவள் துடிப்பில் அவன் கணக்கு ஓடும். திரும்பி வந்ததும் அவிழ்த்துக் கட்டிக்கொள்வான். திரும்பி வராதவர்களின் பட்டை அந்தக் காலிலேயே இருந்துவிடும். எந்தத் தாயும் அதை அவிழ்க்க மாட்டாள்.

ஜெசிந்தாவின் அம்மா அவிழ்க்கவில்லை. அப்பாவின் பட்டை அம்மாவின் இடது கணுக்காலில் கடைசிவரை இருந்தது. இருட்டில் புடவைக் கரையோரம் அதன் பச்சைப் புள்ளி மினுங்கும். சின்னப் பிள்ளையாக அவள் தரையில் படுத்து அந்தப் புள்ளியின்மேல் விரலை வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறாள். அப்பாவின் நெஞ்சு என்று நினைத்துக்கொண்டு. அது அம்மாவின் நெஞ்சுதான் என்று புரிந்தபோது அவளுக்கு வயது பத்தோ பதினொன்றோ. யாரிடமும் சொல்லாமல் அழுதாள்.

இதையெல்லாம் அவள் இரண்டு வாக்கியத்தில் சொல்லி முடித்தாள்.

கோமதிநாயகம் திரையை உற்றுப் பார்த்தார். "அப்ப இது அந்தத் தாயாரோட துடிப்புங்குற."

"ஆமா சார்."

"நிச்சயமா? ஆள் நிஜமாவே செத்துட்டானா? கலங்கரைத் தெரு கடைசியில கெடக்கு. அவனுக்குன்னு ஒரு வண்டியை அனுப்பிப் பாத்துடலாமா?"

"ஒரு வண்டி அங்க போய்த் திரும்பினா முப்பது பேரோட நடை போயிடும் சார். லூர்தம்மாவுக்குத் தனி வரி இருக்கு. முன்னாலேயே படிச்சாச்சு, பேரு போயாச்சு. அவங்க வந்தா இந்தப் பட்டையும் அவங்க காலோட உள்ள வந்துரும்."

"இடத்தைப் பாரேன். பட்டை எங்க இருக்குன்னு காட்டுமே."

"காட்டாது. இடம் காட்டற கோபுரம் ரெண்டும் காத்துல சாஞ்சிடுச்சு. துடிப்பு வரும், இடம் வராது. வண்டிக் கதவுல காட்டுற பட்டையை வச்சுத்தான் உள்ள வந்தவங்களைக் கழிக்குது."

நல்லபெருமாள் தலையைச் சொறிந்தான். "ஐம்பத்தெட்டு... புயலடிக்கற நேரத்துல அந்தம்மா ரொம்ப நிதானமா இருக்கும்போல. எனக்கே நூத்திப் பத்து ஓடுது."

"லூர்தம்மாவை உனக்குத் தெரியாது. இந்நேரம் மாதா கோயில்ல உக்காந்து செபமாலை உருட்டிக்கிட்டு இருக்கும். இடி விழுந்தாலும் நிமிந்து பாக்காது."

சொல்லிவிட்டு அவள் லூர்தம்மாவின் வரியைத் தேடப் போனாள். ஒரே உடம்பில் இரண்டு பட்டை என்றால் இரண்டிலும் ஒரே துடிப்பு இருக்க வேண்டும். ஒரு நொடி வேலை. விரல் பொத்தானுக்குப் போய்விட்டது.

"யம்மா! சிவப்புக் கோடு!" நல்லபெருமாள் கத்தினான். "ஒரே ஏத்தமா ஏறிட்டு. ஒரு ஆள் உசரம்கூட இல்ல. முக்கால் மணியெல்லாம் கணக்குல இல்ல இப்ப. அரை மணிதான்!"

விரல் திரும்பி வந்தது.

அவள் சில வரிகளே எழுதினாள். பிழை எங்கே வந்தாலும், முதலில் வந்தாலும் நடுவில் வந்தாலும், ஒரே மாதிரி நடந்துகொள். புரியாத வரியைத் தனியே எடுத்து வை, தாண்டிப் போ, அடுத்ததைப் படி. எல்லாம் தீர்ந்த பிறகுதான் முடிந்தது என்று சொல். கோமதிநாயகம் தன் ஒப்புதல் சாவியைப் போட்டுத் திருப்பினார்.

இயந்திரம் இருநூற்றுப் பதினாறாவது வரியைப் படித்தது.

"பேரு வருது யக்கா!" ராயப்பன் அலறினான். "கூப்பிடுது! ஏலே தள்ளாதிய, எல்லாருக்கும் எடம் இருக்கு... பாட்டியா, அந்த ஆட்டுக் குட்டிக்குப் பேரு கூப்பிடல, விட்டுட்டு ஏறு... சரி சரி, மடியில வச்சுக்கோ."

திரையில் பெயர்கள் வரிசையாகப் பச்சைக்கு மாறின. ஒவ்வொரு பச்சையும் ஒரு ஆள் வண்டியில் ஏறிவிட்டதற்கு அடையாளம். வலைக்காரத் தெரு முழுதாகப் பச்சையானது. சந்தைத் தெரு பச்சையானது. மதிலின் பீரங்கித் துளை போன்ற சிறிய ஜன்னல் வழியே பார்த்தபோது, வண்டிகளின் விளக்குகள் மழைக்குள் நீச்சலடித்து வருவது தெரிந்தது. கோமதிநாயகம் ஜன்னலைவிட்டு நகரவே இல்லை. உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. வண்டிகளை எண்ணுகிறாரா, சாமியைக் கூப்பிடுகிறாரா என்று தெரியவில்லை.

கடைசி வண்டி கதவுக்குள் நுழைந்தபோது சக்கரம் பாதித் தண்ணீரில் இருந்தது.

'மதிலுக்கு வெளியே யாரும் இல்லை. தாண்டிய வரிகள்: ஒன்று. கதவு மூடலாமா?'

இந்தத் தடவை இயந்திரம் கேட்டது. அவள்தான் அப்படிக் கேட்கும்படி எழுதியிருந்தாள். பிழை இருந்தால் தானாக மூடாதே. ஒரு மனிதரைக் கேள். அவள் கோமதிநாயகத்தைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார்.

"உன் ஊர் வழக்கம். நீயே சொல்லு."

"மூடலாம் சார்," என்றாள் ஜெசிந்தா. பொத்தானை அவளே அழுத்தினாள்.

சங்கு முழுதாக ஊதி முடிந்தது. கதவு போய்த் தாழில் உட்கார்ந்த அதிர்ச்சி காலடியில் தெரிந்தது. சற்று நேரத்தில் கடல் வந்து மதிலில் மோதியது. ஒரு மலையைத் தூக்கிப் போட்ட மாதிரி சத்தம். விளக்குகள் ஒரு தடவை கண் சிமிட்டின. மதில் நின்றது.

நல்லபெருமாள் நாற்காலியில் சரிந்து, முகத்தைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தான். அழுதான் என்றும் சொல்லலாம். கோமதிநாயகம் உடைந்த கோப்பையின் சில்லுகளைக் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். அவர் அப்படிக் குனிந்து யாரும் பார்த்ததில்லை.

"ஜெசிந்தா," என்றார் நிமிராமலேயே. "நாளைக்கு நான் வாரியத்துக்கு எழுதுறேன். நடுவுல வந்த பிழையை மறைக்கச் சொன்னது நான்தான்னு. நீ இல்லேன்னா இன்னிக்கு நானூறு பேர் போயிருப்பாங்க."

"அதெல்லாம் நாளைக்குப் பாப்போம் சார்."

அவள் அப்போதுதான் உட்கார்ந்தாள். திரையின் மூலையில் தாண்டிய வரி மட்டும் தனியாக இருந்தது. இன்னாசி. இறந்தவர். துடிப்பு: நூற்று நாற்பது.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நூற்று அறுபதுக்குப் போனது. நூற்று எழுபது.

பாவம், கிழவி பயந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டாள். கீழே மண்டபத்தில் அறுநூறு பேர் நெரிசல். மதிலில் கடல் மோதுகிற சத்தம் வேறு. யாருக்குத்தான் நெஞ்சு அடித்துக்கொள்ளாது? யாரையாவது அனுப்பி அவளுக்கு ஒரு வாய் சுடுதண்ணீர் கொடுக்கச் சொல்ல வேண்டும்.

மைக்கை எடுத்து, "ராயப்பா, கீழ லூர்தம்மான்னு ஒருத்தங்க இருப்பாங்க. பாத்து வச்சுக்க," என்றாள்.

"இருக்கு யக்கா. அதுவே ஒங்களப் பாக்கணும்னு நிக்கி. கூட்டிட்டு வாறேன்."

மறுபடி திரையைப் பார்த்தபோது மூலையில் அந்த வரி இல்லை. அவள் முன்னால் சாய்ந்து பார்த்தாள். துடிப்பு நின்றதும் முரண்பாடு தீர்ந்துவிட்டது. இறந்தவர், துடிப்பு இல்லை. இயந்திரத்துக்கு இப்போது எல்லாம் புரிந்தது. வரியைப் படித்து முடித்து, உரிய இடத்தில் வைத்துவிட்டுப் பச்சையில் எழுதியிருந்தது:

'பிழைகள்: இல்லை.'

கழற்றிவிட்டாள் என்று ஜெசிந்தா நினைத்தாள். இத்தனை மாதம் காலில் சுமந்தவள், கடலே எழுந்து வந்து மதிலில் அறைந்த பிறகு, மகன் இனிமேல் வரமாட்டான் என்று ஒப்புக்கொண்டு கழற்றிவிட்டாள். அம்மாவால் கடைசிவரை முடியாத காரியம் அது.

அறைக் கதவு திறந்தது. ராயப்பன் சேறும் சகதியுமாக நின்றான். அவனுக்கு முன்னால் லூர்தம்மா. நனைந்த புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகியிருந்தாள். கையில் செபமாலை. முகத்தில் பயத்தின் சாயல்கூட இல்லை. திருவிழாவுக்கு வந்தவள் போல அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

"நீதான் அந்தோணியா மவளா? ஒங்கம்மா மூக்கு அப்படியே இருக்கு தாயி. நல்லா இருப்ப. எங்க தெருவையெல்லாம் கொண்டாந்து சேத்துட்ட."

ஜெசிந்தா எழுந்து போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சூடாக, அமைதியாக இருந்தது. மணிக்கட்டில் ஒரு பட்டை, லூர்தம்மாவினுடையது. அதில் பச்சைப் புள்ளி சாவகாசமாக மினுங்கிக்கொண்டிருந்தது. நூற்று எழுபது துடிக்கிற நெஞ்சின் புள்ளி இல்லை அது.

அவள் பார்வை கீழே இறங்கியது. இடது கணுக்காலில், வெயில் படாத தோல் வெள்ளையாக ஒரு வளையம் போட்டிருந்தது. வளையம் இருந்தது. பட்டை இல்லை.

"பெரியம்மா..." ஜெசிந்தாவின் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "பட்டையக் கழட்டிட்டீங்களா? இப்பதானே? கீழ மண்டபத்துல வச்சுத்தானே?"

"இப்பவா? மத்தியானமே கழட்டிட்டேன்."

கோமதிநாயகம் கையிலிருந்த சில்லுகளோடு மெல்ல நிமிர்ந்தார். நல்லபெருமாள் திரையைத் திரும்பிப் பார்த்தான். பச்சையாக இருந்தது.

லூர்தம்மா சிரித்தாள். பல் இல்லாத வாய் முழுக்கச் சிரிப்பு.

"இனி எனக்கு எதுக்கு தாயி அது? எங்கேயோ கப்பல்காரன் எடுத்துக் காப்பாத்தி, மத்தியானம் கரையேறி வந்துட்டாம்லா இன்னாசி! நானே அவன் கையில கட்டிவிட்டு, பய அசந்து தூங்குதான்னு எழுப்பாம மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தக் கோயிலுக்கு வந்தேன், அங்கனயே வண்டி ஏத்திக்கிட்டு... எம் புள்ளைய நீ எந்த வண்டியில தாயி ஏத்துன?"